புழு நல்லாத்தான் இருக்குது

கடத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அந்த அக்கா வீட்டு வாசலில் நான் முதன்முதலாகப் போய் நின்றபோது அவர் "வாங்க" என்று சொல்லவில்லை. கிட்டே வந்து என் சட்டைக் காலரை மோந்து பார்த்தார். எனக்குக் கல்யாணமாகி அப்போது இருபது நாள்கூட ஆகியிருக்காது.

"பவுடரு போட்டிருக்கறீங்க," என்றார். "தலைக்கு வாசனை எண்ணெ. அப்பறம் மல்லியப்பூ. அது உங்களுது இல்லீங்க."

எனக்குக் காது வரை சூடாகிவிட்டது. அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. "சட்டையக் கழட்டி வேலி மேல போடுங்க. கொழாயில மூஞ்சி, கை, காலு கழுவுங்க. அதுக்கப்பறம் புழுவத் தொடுங்க" என்றார். புதுமாப்பிள்ளையான நான் பனியனோடு நின்று, அந்த ஊரே பார்க்க முகம் கழுவினேன்.

நான் அப்போது ஓர் இளம்புழு மையத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். பட்டுப்புழுவை முட்டையில் இருந்து பொரிக்க வைத்து, இரண்டு முறை தோல் உரிக்கும் வரை நாங்கள் வளர்ப்போம். அதன்பிறகு தட்டுகளில் அடுக்கி விவசாயிகள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அங்கே அது மல்பெரித் தழையைத் தின்று கொழுத்துக் கூடு கட்டும். புழுவைக் கொடுப்பதோடு எப்படி வளர்க்க வேண்டும் என்று நாலு வார்த்தை சொல்லிவிட்டு வருவதும் என் வேலை. அதனால் என்னை எல்லோரும் சார் என்றார்கள். பத்தாவதோடு நின்றவனை சார் என்று கூப்பிட்டால் யாருக்குத்தான் பிடிக்காது. எனக்கும் பிடித்திருந்தது.

பட்டுப்புழு போல் ஒரு தொட்டாற்சிணுங்கியை நான் பார்த்ததில்லை. கொசுவர்த்திப் புகை பட்டால் போச்சு. பக்கத்து வயலில் மருந்தடித்த காற்று வந்தால் போச்சு. பீடி, ஊதுபத்தி, சென்ட் எதுவும் ஆகாது. புழு வளர்க்கிற எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் தெரிந்ததில் பாதியைத்தான் கடைப்பிடிப்பார்கள். அந்த அக்கா மட்டும் நாங்கள் சொன்னதற்கு மேலும் ஒரு பங்கு சேர்த்துக் கடைப்பிடிப்பவர்.

அவர் வீட்டோடு ஒட்டியே சிமெண்ட் ஷீட் போட்ட புழு மனை இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு. அதனால் வீட்டுக் காற்றும் மனைக் காற்றும் ஒன்றுதான் என்பது அவர் கணக்கு. அந்த வீட்டில் வெள்ளிக்கிழமை சூடம் கிடையாது, ஊதுபத்தி கிடையாது. சாமி படத்துக்கு ஒரு விளக்கு, ஒரு செம்பருத்திப் பூ, அவ்வளவுதான். "சாமி கோவிச்சுக்காதுங்களா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"சாமி புகை இல்லாட்டியும் பொழச்சுக்கும்," என்றார். "புழு புகை இருந்தா பொழைக்காதுங்களே."

பெங்களூரில் இருந்து வந்த நாத்தனாரைச் சென்ட் வாசம் வருகிறதென்று வேப்ப மரத்தடியிலேயே இலை போட்டு உட்கார வைத்தவர் இவர். அந்தம்மா சாப்பிட்டுக் கைகழுவிவிட்டுப் போனவர்தான், பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. ஒரே மகள், அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். கொசுவர்த்தி இல்லாத வீட்டில் தூங்கித் தூங்கி அவள் கை காலெல்லாம் தடிப்புத் தடிப்பாக இருக்கும். "கொசு கடிச்சா சொறிஞ்சுக்கலாமுடி, புழு சொறியுமா?" என்பார் அக்கா. ஊரில் அவருக்கு மோப்பக்காரி என்று பெயர். அது அவருக்கும் தெரியும். தெரிந்து, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது என்றே நினைக்கிறேன்.

அவர் வீட்டுக்காரர் நல்ல மனிதர், அதிகம் பேசாதவர். அந்த மனிதருக்கு இருந்த ஒரே சுகம் பீடி. புழு வளர்க்கத் தொடங்கியபோது மூன்று வயல் தள்ளிப் போய் ரோட்டோரம் நின்று குடித்துவிட்டு, வாய்க்காலில் வாய் கொப்பளித்து, சட்டையை உதறிப் போட்டு வருவாராம். வந்த பிறகு அக்கா மோந்து பார்ப்பார். "வெரல்ல இருக்குது" என்பார். மறுபடி சோப்பு. ராத்திரியில் தூக்கம் கலைந்தாலும் எழுந்து ரோட்டுக்குத்தான் போவாராம். இரண்டு வருஷம் இப்படி நடந்து சலித்து, ஒருநாள் பீடியையே விட்டுவிட்டார். "எம் பொண்டாட்டி மூக்குக்குப் பயந்து உட்டவன் நானு ஒருத்தன்தான் சார்," என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். அவர் என்னிடம் சேர்ந்தாற்போல் பேசியது அது ஒன்றுதான்.

அந்த மூக்கை நான் சும்மா சொல்லக் கூடாது. ஒருமுறை காலையில் புழு இறக்கிக்கொண்டிருந்தேன். அக்கா திடீரென்று நிமிர்ந்து, "மருந்து" என்றார். எனக்கு ஒரு வாசமும் வரவில்லை. அவர் ஓடிப்போய் ஜன்னல்களுக்கு ஈரச் சாக்கைத் தொங்கவிட்டார். பிறகு நானும் கூடவே போய்ப் பார்த்தேன். நாலு வயல் தாண்டித் தக்காளித் தோட்டத்தில் ஒருவர் அப்போதுதான் தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டிருந்தார். அக்கா வரப்பில் நின்று போட்ட சத்தத்தில் அந்த மனிதர் தெளிப்பானைக் கழற்றி வைத்துவிட்டார்.

ஆனால் எப்போதும் அப்படிக் காப்பாற்ற முடியவில்லை. அதே தோட்டத்தில் அக்கா சந்தைக்குப் போயிருந்த நாளாகப் பார்த்து மருந்தடித்தார்கள். மறுநாள் புழுக்கள் தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டின. வாயில் பச்சைத் தண்ணீர் கக்கின. நான் போய்ச் சேர்வதற்குள் பாதிக்கு மேல் சுருங்கிக் கிடந்தன. அக்கா மனைக்குள் தரையில் உட்கார்ந்து, செத்தவர் வீட்டில் அழுவது போலவே அழுதார். எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. ஒரு நஷ்டத்துக்கு அழுகிற அழுகை இல்லை அது.

அந்த நாளுக்குப் பிறகு அவர் வாயில் ஒரு பேச்சு குடிவந்தது. "புழு நல்லா இருந்தா காத்து நல்லா இருக்குதுன்னு அர்த்தம்" என்பார். மகள் இருமினால் முதலில் மனைக்குள் போய்ப் புழுவைப் பார்ப்பார். புழு தழை தின்றுகொண்டிருந்தால், "காத்துல ஒன்னுமில்ல, தண்ணி மாறிக் குடிச்சிருப்ப" என்று மகளிடம் சொல்லிவிடுவார். வீட்டுக்காரருக்குத் தலைவலி என்றாலும் அதே கதைதான். புழுவைத்தான் முதலில் விசாரிப்பார். ஒருவகையில் அது சரியாகத்தான் பட்டது. மனிதருக்குத் தெரியாத நஞ்சு புழுவுக்குத் தெரிகிறதே. நானே இரண்டு மூன்று வீடுகளில் அந்தப் பேச்சை எடுத்துச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறை புழு இறக்கும் முன்பும் கிருமி சாக மனைக்குள் பார்மலின் தெளித்து மூடிவைக்க வேண்டும். கண்ணைப் பிடுங்குகிற மருந்து. கூலிக்கு வருகிறவர்கள் சரியாக அடிக்க மாட்டார்கள் என்று அக்காவே முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு அடிப்பார். வெளியே வரும்போது கண் இரண்டும் மிளகாய்ப் பழம்போல் இருக்கும். ஒரு மணி நேரம் இருமுவார். "மாஸ்க்கு குடுத்தேனே, போடலீங்களா?" என்று கேட்டால், "அது போட்டா வாசம் தெரியாதுங்க" என்பார். புழுவுக்கு ஊதுபத்தி ஆகாது என்று பார்த்தவர் தன் நெஞ்சுக்கு எது ஆகாது என்று ஒருநாளும் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்குக் கொடுத்த பாடத்தில் புழுவைப் பற்றித்தான் இருந்தது.

ஒரு வருஷம் மார்கழிக் குளிர் கொஞ்சம் அதிகம். நான் புழு இறக்கிவிட்டு ஒரு தெர்மாமீட்டரையும் கொடுத்தேன். "இருபத்தஞ்சுக்குக் கீழ எறங்க வுடாதீங்க. எறங்குச்சுன்னா தழை எடுக்காது. ஜன்னலுக்கெல்லாம் சாக்கு கட்டிட்டு, ரெண்டு கரி அடுப்பு வெச்சிருங்க, நல்லாக் கனிஞ்ச கரின்னா புகை வராது" என்றேன். எங்கள் மையத்திலும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

அக்கா சுவரின் உச்சியில் கூரையை ஒட்டி இருந்த சின்ன ஜன்னலைக் காட்டினார்.

"மேல் ஜன்னலையுமாங்க?"

நான் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தேன். இன்னும் மூன்று ஊருக்குப் போக வேண்டும். "அதையுந்தான்" என்றேன்.

நாலாம் நாள் காலையில் போன் வந்தது. நான் போனபோது வாசலில் கூட்டம். வீட்டுக்காரர் அடுப்பைப் பார்த்துக்கொள்வதற்காக மனைக்குள்ளேயே பாய் போட்டுப் படுத்திருக்கிறார். விடிந்து தழை போடப் போன அக்கா கதவைத் திறந்து, முதலில் புழுவைத்தான் பார்த்திருக்கிறார். தெர்மாமீட்டர் இருபத்தைந்தில் நின்றது. புழு தட்டுத் தட்டாகத் தலை தூக்கித் தழைக்குக் காத்திருந்தது. தழையைப் போட்டுக்கொண்டே, "என்னா இன்னும் எழுந்திரிக்கல, வெளிச்சம் வந்திருச்சு" என்று அவரிடம் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். நாலு தட்டு முடிந்த பிறகுதான் காலைத் தொட்டு எழுப்பியிருக்கிறார். கால் விறைத்திருந்தது.

தருமபுரி ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டுக் கரி வாயு என்றார். கரி கனன்று எரிகிறபோது வருகிற நஞ்சு, மூடின அறையில் சேர்ந்துகொள்ளும், தூங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது என்றார். "வாசம் அடிச்சிருக்குமேங்க?" என்று அக்கா கேட்டார். "அதுக்கு வாசம் கெடையாதும்மா" என்றார் டாக்டர்.

அக்கா அதை இரண்டு முறை திரும்பச் சொன்னார். "வாசம் கெடையாது. வாசம் கெடையாதுங்களாமா." அப்போதுதான் அழுதார்.

உடலைக் கொண்டுவந்து போட்ட பிறகு இன்னொன்று நடந்தது. ஒப்பாரிக்கு நடுவில் அவர் தலையை நிமிர்த்தி என்னைத் தேடினார். "புழு எப்புடிங்க இருக்குது?" என்று கேட்டார். சொந்தக்காரப் பெண்கள் காறித் துப்பாத குறை. புருஷன் கிடக்கிறான், இவளுக்குப் புழு கேட்கிறது என்று பேசினார்கள். எனக்குத் தெரியும், அவர் அதற்காகக் கேட்கவில்லை. புழுவாவது செத்திருந்தால் அவருக்கு ஒரு நியாயம் கிடைத்திருக்கும். நான் உள்ளே போய்ப் பார்த்தேன். மழைத் தூறல் விழுவதுபோல் மொறுமொறுவென்று தின்றுகொண்டிருந்தன. வந்து, "நல்லாத்தான் இருக்குதுங்க" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் புழு வளர்க்கவில்லை. கடப்பாரையை எடுத்து வீட்டு ஜன்னல் கதவுகளை எல்லாம் அவரே பெயர்த்துப் போட்டார். நடுக்கதவையும் எடுத்துவிட்டார். மழை உள்ளே அடிக்கும், நாய் உள்ளே போகும். பஸ்ஸில் ஏறினால் ஜன்னல் சீட்டு இல்லாவிட்டால் இறங்கிவிடுவார். யார் வீட்டுக்குப் போனாலும் வாசலிலேயே நின்றுகொண்டு, "உள்ள அடுப்பு எரியுதா? ஜன்னலு தொறந்திருக்குதா?" என்று கேட்பார். மோந்து பார்ப்பதை மட்டும் அடியோடு விட்டுவிட்டார். ஒருநாள் நான் தெரியாத்தனமாக அத்தர் பூசிக்கொண்டு எதிரில் போய் நின்றேன். அவர் ஒன்றுமே சொல்லவில்லை. அது எனக்கு என்னவோபோல் இருந்தது.

ஒரு பேச்சு மட்டும் பேசுவார். எதிரில் யார் இருந்தாலும் பேசுவார். "பீடிய உட வெச்சன். குடிச்சிட்டிருந்தா எந்திரிச்சு ரோட்டுக்குப் போயிருப்பாரு. ரோட்டுல காத்து இருக்குது." கேட்கிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கொஞ்ச நாளில் மோப்பக்காரி என்ற பெயர் போய்ப் பைத்தியக்காரி என்ற பெயர் வந்தது.

மகளை ஏரியூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். அந்த வீட்டிலும் தோட்டத்தில் தள்ளி மனை போட்டுப் புழு வளர்த்தார்கள், நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவதுதான் வழக்கம். ஆனால் ஜன்னலுக்குக் கதவே இல்லாத வீட்டில் மார்கழிப் பனியில் பச்சைக் குழந்தையை எப்படி வைப்பது என்று மாமியார் கேட்டார். அதில் தப்பும் சொல்ல முடியாது. பிள்ளை பிறந்த பிறகு அக்காவே விருந்தாளி மாதிரி அங்கே போய் இருந்தார்.

அப்போது ஒருநாள் அந்த வீட்டு வாசலில் நான் புழுத் தட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே குழந்தையைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் காற்று பட்டுவிடக் கூடாது என்று ஜன்னலில் பழைய சேலைகளைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். இரும்புச் சட்டி நிறையக் கனலும் கரியைக் கட்டிலுக்கு அடியில் வைத்துச் சாம்பிராணி போட்டுக் கதவைச் சாத்தினார்கள். அவ்வளவுதான், உள்ளே இருந்து அக்காவின் சத்தம்.

"வேணாமுங்க சம்பந்தி. தொறந்து வையுங்க. ஒரு பக்கமாச்சும் தொறந்து வையுங்க. கும்புட்டுக் கேக்கறேன்."

"எங்க ஊட்டுல ஒம்பது புள்ளைங்களுக்கு இதே சட்டியிலதான் புகை காட்டியிருக்குது," என்றார் மாமியார். "ஒன்னுத்துக்கும் ஒன்னும் ஆவல."

அடுத்து நடந்ததைக் கதவு திறந்தபோது நான் பார்த்தேன். அக்கா அந்தச் சட்டியை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தார். துணி பிடிக்கக்கூட இல்லை. களத்தில் கொட்டிவிட்டு, மறுபடி உள்ளே போய்ச் சேலைகளைப் பிடுங்கி எறிந்தார். குளிர்காற்று உள்ளே போய்க் குழந்தை வீறிட்டது. மகள், "அம்மா, வெளிய போ! போம்மா வெளிய!" என்று கத்தினாள்.

மாமியார் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்களே நாயத்தச் சொல்லுங்க. மனைக்குக் கரி போடச் சொல்றதே நீங்கதானுங்க? கரியில வெஷமுன்னா நீங்க சொல்லுவீங்களா?"

களத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தார். உள்ளங்கை இரண்டும் வெந்து, எரிச்சல்கூடத் தெரியாத மாதிரி கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. ஆமாம், அக்கா சொல்வது சரி, டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன் என்று சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். அப்படியானால் அக்காவின் மனையில் ஜன்னலை யார் மூடச் சொன்னது என்று வரும். எனக்கு இரண்டு பிள்ளைகள், இந்த வேலையை விட்டால் வேறு வேலை தெரியாது.

"புழுவுக்கு வேற, மனுசருக்கு வேறங்க. எனக்கு அந்த அளவுக்குத் தெரியாதுங்க," என்றேன்.

குழந்தைக்கு அன்றே சளி பிடித்தது, மூச்சு இளைத்தது. தருமபுரிக்குத் தூக்கிக்கொண்டு போய் ஒரு வாரம் வைத்திருந்து பிழைக்க வைத்தார்கள். அந்தக் கரிச் சட்டி அறைக்குள்ளேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஒன்றும் ஆகாமலும் இருந்திருக்கலாம். கரியால் ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் அக்கா மேல் குற்றமாகிவிட்டது. அந்த வீட்டுப் படியேறக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மகளும் தடுக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து அக்காவைப் பார்க்கப் போனேன். வேப்ப மரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் கட்டு. பார்மலின் காலத்து இருமல் நெஞ்சிலேயே தங்கிவிட்டிருந்தது. என்ன பேசுவது என்று தெரியாமல் மருந்து போடுகிறீர்களா, சாப்பிடுகிறீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் நடுவில் நிறுத்தினார்.

"மேல் ஜன்னலையுமான்னு நான் கேட்டனுங்க. அதையுந்தான்னீங்க."

நான் பாக்கெட்டில் வண்டிச் சாவியைத் தேடினேன்.

"யாருகிட்டயும் சொல்லலீங்க. அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா மூடச் சொல்லியிருப்பீங்களா. போனவரு போயிட்டாரு." கொஞ்ச நேரம் இருமினார். "ஏரியூருல ஒரு வார்த்த சொல்லுவீங்கன்னு பாத்தன். அன்னைக்கு உங்களுக்குத் தெரியுமுங்களே."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருப்பேன். அவர் கோபமாகச் சொல்லவில்லை. டீ வைக்கட்டுமா என்று கேட்டார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அவரைப் பார்க்க எனக்கு முகமில்லை. இரண்டு மழைக்காலம் கழித்து அவர் இறந்த செய்தி கிடைத்தபோதும் நான் போகவில்லை. மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து அழுதாள் என்று கேள்விப்பட்டேன். நான் அந்த வீட்டுப் பக்கம் வண்டியைத் திருப்புவதே இல்லை.

மையம் கைமாறிவிட்டது. நான் இன்னும் புழு கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். மார்கழி வந்தால் எல்லா வீட்டிலும் அதையே சொல்கிறேன். கரி போட்டால் மேல் ஜன்னலைத் திறந்து வையுங்கள், உள்ளே யாரும் படுக்காதீர்கள் என்று சொல்கிறேன். கிழவன் மாதிரி சொன்னதையே சொல்கிறேன் என்று சிரிக்கிறார்கள். போன வாரம் ஒரு வீட்டில் ஜன்னல் மொத்தமும் சாக்கு கட்டியிருந்தது. மூலையில் கரி அடுப்பு, அடுப்புக்குப் பக்கத்தில் சுருட்டி வைத்த பாய். "ராத்திரி உள்ள யாருங்க படுக்கறது?" என்று கேட்டேன். கேட்டுக்கொண்டே ஜன்னல் சாக்கின் முடிச்சை அவிழ்க்கப் போனேன்.

அந்த வீட்டுக்காரர் என் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

"பயப்படாதீங்க சார். புழு நல்லாத்தான் இருக்குது."